விழித்திரையைப் படிக்கும் பொறி

வெளிமாநிலங்களில் வாழும் நம்மில் பலர், ஊருக்குப் போகும்போது கண்ணைக் காட்டிக்கொள்ளலாம் என்று இருந்துவிடுகிறோம். நீரிழிவு அதுவரை காத்திருப்பதில்லை. விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்களை அது வலியின்றியே சிதைக்கிறது. பார்வை மங்குமுன்பே நோய் முற்றியிருக்கலாம்.

இந்நோயின் குறிகளை அறியுமாறு, 1,28,175 விழித்திரைப் படங்களைக் கொண்டு கூகுள் ஆய்வாளர்கள் கணிப்பொறியைப் பழக்கினர். 2016-இல் முடிவை வெளியிட்டனர். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் சென்னை சங்கர நேத்ராலயாவும் வழங்கிய படங்களும் அவற்றுள் உண்டு. நம்மவர் கண்களும் அதற்கு ஆசானாயின என்பதில் நமக்குச் சிறிது பெருமையே. தேர்ந்த மருத்துவருக்கு நிகராகவே பொறி குறிகளைக் கண்டது.

ஆயினும், தெளிவற்ற படத்தை அதனால் படிக்க இயலாது; சிகிச்சையோ மருத்துவர் கையில்தான். நீரிழிவுடையோர் ஆண்டுக்கொருமுறை, இருக்கும் ஊரிலேயே, விழித்திரையைச் சோதித்துக்கொள்ளுதல் வேண்டும். கண் நன்றாகத் தெரிகிறதே என்று எண்ணும் ஆண்டிலும்.