நிரலும் பிடியும்: நிதி அந்தரங்கக் கருவிகளை உருவாக்குவோரின் சட்டப் பொறுப்பு

யார் நினைவாக இச்சொற்பொழிவு நடக்கிறதோ அந்த மூத்த வழக்கறிஞரை நான் நேரில் அறிந்தவனல்லன். முன்னுரை நீண்டால் அவருக்குப் பொறுக்காது என்று மட்டும் கேள்விப்பட்டிருக்கிறேன். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

கேள்வி உங்களுக்குப் பாதி தெரிந்ததுதான். பணம் யாரிடமிருந்து யாருக்குப் போனது என்பதை மறைக்கும் மென்பொருளை ஒருவர் எழுதி வெளியிடுகிறார். திருடர்களும் அதைப் பயன்படுத்துகிறார்கள். எழுதியவர் குற்றவாளியா? நம் துறையில் இதற்கு இரண்டு அணிகள் உண்டு. கத்தி செய்த கொல்லனை யாராவது தூக்கில் போடுவார்களா என்று கேட்பது ஓர் அணி. தெரிந்தே செய்தான், காசும் பார்த்தான், பிறகென்ன பேச்சு என்பது மற்றது. இரண்டும் தவறு என்று எழுதியதற்காக என்னை மதில்மேல் பூனை என்றார்கள். அப்படிச் சொன்னவர்களில் இருவர் இன்று முன்வரிசையில் இருப்பதில் எனக்கு மகிழ்ச்சி.

என் வாதம் இதுதான். ‘நிரலாளர்’ என்ற ஒற்றை ஆளைக் கூண்டில் ஏற்றுவதால்தான் குழப்பம் வருகிறது. அவர் செய்த ஒவ்வொரு செயலையும் தனியே எடுத்து, அது எந்த நாளில் நடந்தது, அன்று அவர் கையில் என்ன பிடி இருந்தது, அன்று அவருக்கு என்ன தெரியும் என்று கேட்க வேண்டும்.

டொர்னாடோ கேஷ் வழக்கை எடுத்துக்கொள்வோம். எத்திரியம் பிளாக்செயினில் ஒருவரின் முகவரி தெரிந்துவிட்டால் போதும், அவருடைய வரவு செலவு முழுவதையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இதற்கு மாற்றாக 2019-இல் ரோமன் ஸ்டார்ம், ரோமன் செமனோவ், அலெக்ஸி பெர்ட்செவ் ஆகிய மூவர் உருவாக்கியதே இக்கருவி. எத்திரியத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான விட்டாலிக் புட்டெரின், உக்ரைனுக்கு நன்கொடை அனுப்பத் தானே இதைப் பயன்படுத்தியதாக 2022-இல் வெளிப்படையாகச் சொன்னார். நல்லவர்களுக்கு இது எதற்கு என்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

கருவி வேலை செய்யும் விதம் முக்கியம். சட்டக் கேள்வி அதற்குள்தான் இருக்கிறது. எத்திரியத்தின் நாணயமான ஈதரில் 0.1, 1, 10, 100 என்று தனித்தனித் தொகுப்புகள். 1 ஈதர் போட வருபவர், தன் கணினியில் உருவான ஒரு ரகசிய எண்ணின் சுருக்கத்தை மட்டும் பணத்தோடு கொடுக்கிறார். அந்தச் சுருக்கம் மற்றவர்களுடைய சுருக்கங்களோடு பட்டியலில் ஏறுகிறது. எடுக்கும்போது, ‘இப்பட்டியலில் உள்ள ஏதோ ஒன்றின் ரகசியம் எனக்குத் தெரியும், அதற்குரிய பணம் இன்னும் எடுக்கப்படவில்லை’ என்பதற்குக் கணித நிரூபணம் தருகிறார். எது என்று சொல்வதில்லை. பிளாக்செயினில் தானே இயங்கும் நிரலான ஸ்மார்ட் கான்ட்ராக்ட் நிரூபணத்தைச் சரிபார்த்து 1 ஈதரைப் புதிய முகவரிக்கு விடுகிறது. நடுவில் பணத்தை வாங்கி வைத்துக்கொள்ளும் ஆள் இல்லை.

ஆனால் ஓர் இடத்தில் இடிக்கிறது. புதிய முகவரி காலியாக இருக்கும். எத்திரியத்தில் எதைச் செய்யவும் கட்டணம் உண்டு. அதைப் பழைய முகவரியிலிருந்து கட்டினால் முடிச்சு அவிழ்ந்துவிடும். ஆகவே ரிலேயர் என்ற இடையாள் கட்டணத்தைக் கட்டி, எடுக்கும் தொகையில் தன் பங்கைக் கழித்துக்கொள்கிறார். நண்பர்கள் இரு அணியிலும் தாண்டிப் போகும் இடம் இதுதான். கணிதம் முடிந்து மனிதர்கள் நுழைவது இங்கேதான்.

இப்போது நாட்களைப் பாருங்கள். 2020 மே மாதம் கணித நிரூபணத்துக்கு வேண்டிய எண்களை உருவாக்கும் தொடக்கச் சடங்கு 1,114 பங்களிப்புகளோடு நடந்தது. அதன் முடிவில் மூவரும் கான்ட்ராக்ட்டை மாற்றும் அதிகாரத்தைத் துறந்தார்கள். அதற்குப் பின் அந்த நிரலை மாற்றவோ நிறுத்தவோ அவர்களாலும் முடியாது. 2022-இல் அமெரிக்கக் கருவூலம் இக்கருவிக்குத் தடை விதித்த பின்னும் அது ஓடியது. யாரோ ஒரு குறும்பர் ஜிம்மி ஃபாலன் போன்ற பிரபலங்களின் முகவரிகளுக்கு 0.1 ஈதர் அனுப்பிவைத்தார். தடைசெய்யப்பட்ட இடத்திலிருந்து பணம் வந்துவிட்டது, வேண்டாம் என்று சொல்ல வழியில்லை.

இணையதளக் கதை வேறு. 2022 மார்ச்சில், பிளாக்செயின்களுக்கிடையே பணம் மாற்றும் ரோனின் பாலத்திலிருந்து 60 கோடி டாலருக்கு மேல் களவு போனது. வடகொரியாவின் லாசரஸ் குழு என்று எஃப்.பி.ஐ. ஏப்ரலில் சொன்னது, களவாளிகளின் முகவரி தடைப்பட்டியலில் ஏறியது. மறுநாளே டொர்னாடோ இணையதளத்தில் தடைப்பட்டியல் முகவரிகளை மறிக்கும் வசதி வந்துவிட்டது. மறித்தது இணையதளம் மட்டும். கான்ட்ராக்ட்டை நேரடியாக அணுகுபவரை அது தொடாது. வடிகட்டி ஒப்புக்குச் செய்ததென்று அரசுத் தரப்பு வாதிட்டது. இருக்கட்டும். 2022 ஏப்ரலில் இணையதளத்தின் பிடி அவர்கள் கையில் இருந்தது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம். அதே ஆண்டில் ரிலேயர் பதிவேடும் வந்தது. பட்டியலில் இடம்பெற, டொர்னாடோ நிர்வாகத்தில் வாக்குரிமை தரும் டோர்ன் டோக்கனை வைப்பாகக் கட்ட வேண்டும். அந்த டோக்கன் உருவாக்கியவர்களிடமும் இருந்தது.

2022 ஆகஸ்ட் 8-இல் கருவூலத்தின் தடை. 10-இல் பெர்ட்செவ் ஆம்ஸ்டர்டாமில் கைது. 2024 மே 14-இல் நெதர்லாந்து நீதிமன்றம் அவருக்கு 5 ஆண்டு 4 மாதச் சிறை விதித்தது. நிறுத்த முடியாதபடி கட்டியதே நீங்கள்தானே, பிறகு நிறுத்த முடியாது என்று எப்படிக் கைவிரிக்கிறீர்கள் என்பது அத்தீர்ப்பின் சாரம். அவ்வாண்டு நவம்பர் 26-இல் அமெரிக்காவின் ஐந்தாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அதே உண்மையிலிருந்து நேரெதிரான இடத்துக்குப் போனது: யாராலும் மாற்ற முடியாத, யாரையும் விலக்க முடியாத நிரல் எவருடைய சொத்தும் அல்ல, ஆகவே சொத்துக்கு விதிக்கும் தடையை அதற்கு விதிக்க முடியாது. 2025 மார்ச்சில் தடை நீங்கியது.

ஒன்று குற்றவியல் வழக்கு, மற்றது தடைச் சட்டத்தின் சொத்து பற்றியது, ஒப்பிடலாமா என்று கேட்பீர்கள். சரிதான். ஆனாலும் இரண்டும் ‘மாற்ற முடியாமை’ என்ற ஒரே செங்கல்லின் மேல் நிற்கின்றன. என் பதில்: பிடியைத் துறந்ததும் ஒரு செயலே. அதைக் குற்றமென்று சொல்வதானால் 2020 மே மாதத்து அறிவைக் கொண்டு சொல்லுங்கள். 2022-இன் ரோனின் களவை இரண்டாண்டு பின்னுக்கு இழுத்துச் சென்று அதன்மேல் ஏற்றாதீர்கள். அதற்காக 2020-இல் அவர்கள் பச்சைக் குழந்தைகள் என்றும் சொல்லவில்லை. அவ்வாண்டு பிப்ரவரியிலேயே ஹீலிக்ஸ் கலவைச் சேவையை நடத்திய லாரி ஹார்மன் அமெரிக்காவில் கைதாகியிருந்தார். இதைச் சொன்னால் முதல் அணிக்குக் கசக்கும். ஹீலிக்ஸ் பணத்தைத் தன் கையில் வாங்கிக் கொடுத்தது, டொர்னாடோ அப்படியல்ல என்றால் இரண்டாம் அணிக்குக் கசக்கும்.

நியூயார்க்கில் ஸ்டார்ம் மீதான வழக்கில் இந்தப் பிரிப்பு நடக்கவில்லை. இணையதளம், கான்ட்ராக்ட், ரிலேயர் எல்லாம் சேர்ந்து ஒரே ‘சேவை’ என்று குற்றப்பத்திரிகை கட்டிவிட்டது. பிரதிவாதத் தரப்பிலும் எல்லாம் சேர்ந்து ஒரே நிரல்! 2025 ஆகஸ்ட் 6-இல் ஜூரி, உரிமமின்றிப் பணம் அனுப்பும் தொழில் நடத்தச் சதி செய்தார் என்ற குற்றச்சாட்டில் மட்டும் குற்றவாளி என்றது. கறுப்புப் பணத்தை வெளுக்கும் சதி, தடையை மீறும் சதி இரண்டிலும் ஒருமனப்பட முடியவில்லை. எதற்காகக் குற்றவாளி என்பது, ரிலேயருக்காகவா கான்ட்ராக்ட்டுக்காகவா என்பது, தீர்ப்பில் தெரியாது.

கொல்லன் உவமைக்கு வருகிறேன். கொல்லன் கத்தியை விற்றதோடு சரி. கான்ட்ராக்ட் வரை அந்த உவமை ஓடும். இணையதளத்தை நடத்தி, பதிவேட்டைக் காத்து, டோக்கன் மதிப்பை எதிர்பார்த்திருக்கும்போது ஓடாது. ‘நிரல் என்பது பேச்சு’ என்று முழங்குபவர்கள் குறியாக்க நிரல் பற்றிய அமெரிக்காவின் பெர்ன்ஸ்டைன் வழக்கின் 1999 தீர்ப்பைக் காட்டுகிறார்கள். முழு அமர்வின் மறுவிசாரணைக்காக அது அவ்வாண்டே திரும்பப் பெறப்பட்டதை அடிக்குறிப்பில்கூடச் சொல்வதில்லை. அவர்களுக்கு உதவக்கூடியது 2000-இன் ஜங்கர் தீர்ப்பு. அதுவும் நிரலின் செயல்படும் பக்கத்தை அரசு ஒழுங்குபடுத்தலாம் என்றே விடுகிறது.

மற்ற வழக்குகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிட்காயின் அந்தரங்கச் செயலியான சமுராய் வாலட்டில் பயனர் சாவிகள் நிறுவியவர்களிடம் இல்லை. ஆனால் பரிமாற்றங்களை ஒருங்கிணைக்கும் சர்வர் அவர்களுடையது, கட்டணமும் அவர்களுக்கு. என் அளவுகோலில் பிடி இருந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்ட இருவரில் கியோன் ரோட்ரிகஸுக்கு 2025 நவம்பரில் 5 ஆண்டு. ஆனால் அமெரிக்க நிதிக்குற்றத் தடுப்பு அமைப்பான ஃபின்சென், மறைப்புச் சேவை நடத்துபவரும் மறைப்பு மென்பொருள் தருபவரும் வேறு என்று 2019-லேயே வழிகாட்டியிருந்தது. அந்தக் கோட்டை நம்பி வேலை செய்தவரை உரிமமில்லாததற்காகத் தண்டிப்பது எனக்கு உறுத்துகிறது. இதில் இரண்டாம் அணியோடு சமாதானம் இல்லை.

இந்தியாவில் 2023 மார்ச் 7 அறிவிக்கை, கிரிப்டோ சொத்துகளைப் பிறர் சார்பில் மாற்றுவதையும் பராமரிப்பதையும் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. ‘பிறர் சார்பில்’ என்பது ரிலேயருக்குப் பொருந்தும், கான்ட்ராக்ட்டை எழுதியவருக்குப் பொருந்தாது என்பது என் வாசிப்பு. ஆனால் அச்சட்டத்தின் 3-ஆம் பிரிவு தெரிந்தே உதவுபவரையும் பிடிக்கும் அகன்ற வலை. உச்ச நீதிமன்றத்தின் புட்டசாமி தீர்ப்பு உறுதிசெய்த அந்தரங்க உரிமை அங்கே எவ்வளவு தூரம் நிற்கும் என்பது தனிச் சொற்பொழிவுக்குரியது.

நேரமாகிவிட்டது. ஆய்வு மாணவர்களுக்குச் சில குறிப்புகள் மட்டும். திறந்த நிரலில் ஒரு பிழையைத் திருத்திவிட்டுப் போனவரின் நிலை என்ன என்று யாராவது எழுத வேண்டும். 2023 மே மாதத்தில் ஒருவர் தந்திரமான தீர்மானத்தால் டொர்னாடோவின் டோக்கன் வாக்கெடுப்பையே கைப்பற்றினார். அன்று பிடி யார் கையில் என்று என் அளவுகோலைக் கொண்டே என்னை மடக்கலாம். தன் பணம் திருட்டுப் பணத்தோடு சேராதது என்று ஆளைக் காட்டாமலே நிரூபிக்கும் முறை பற்றி 2023-இல் புட்டெரின் உள்ளிட்டோர் எழுதிய கட்டுரை இருக்கிறது. அத்தகைய வசதி கிடைத்தபின் அதை வைக்காமல் விடுவது கவனக்குறைவாகுமா என்பது நல்ல முனைவர் பட்டத் தலைப்பு. பெர்ட்செவ் தீர்ப்பையும் ஐந்தாவது வட்டத் தீர்ப்பையும் பத்தி பத்தியாகப் பக்கத்தில் வைத்து, எந்த நாளின் எந்தச் செயல் எங்கே வருகிறது என்று ஓர் அட்டவணை போட்டுத் தருபவருக்கு என் குறிப்பேடுகளைக் கொடுக்கத் தயார்.