உடையும் குரலுக்கும் ஒரு வரி

(குறுவள மையக் கூட்டம் ஒன்றில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் இசை ஆசிரியர் இல்லை, கணக்கு வாத்தியார். தாம்பரத்தில் ஒரு தேவாலயப் பாடகர் குழுவில் பேஸ் எனப்படும் கீழ்க்குரலில் பல ஆண்டுகளாகப் பாடி வருகிறேன். பள்ளி முடிந்து குரோம்பேட்டையில் மின்ரயில் ஏறினால் ஒத்திகைக்குச் சரியாக இருக்கும். வீட்டில் இன்னொரு வேலையும் உண்டு. பதிப்புரிமைக் காலம் முடிந்த பழைய இசைத்தாள்களை எடுத்து, பிழை நீக்கி, கணினியில் புதிதாக எழுதி, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தும்படி கொடுப்பது. "இதுல என்ன சார் கிடைக்கும்?" என்று சக ஆசிரியர்கள் கேட்பார்கள். பணம் கிடைக்காது. பிழைகள் கிடைக்கும்.

நான் கண்டுபிடித்த முதல் பிழை எங்கள் குழுவுடையது. ஒரு பழைய கீதத்தை நகலின் நகலை வைத்துப் பாடிக்கொண்டிருந்தோம். ஒரு வரியின் முடிவில் கீழ்க்குரல்காரர்கள் மட்டும் ஓர் அட்சரம் முன்னதாக நிறுத்திவிடுவோம். நடத்துநர் ஒவ்வொரு முறையும் கடிந்துகொள்வார். அன்றைக்குச் சரியாகப் பாடுவோம். அடுத்த கிறிஸ்துமஸுக்குப் பழையபடி முந்திவிடுவோம். பதினோரு ஆண்டுகள் இப்படியே போயின. ஒருநாள் ரயிலில் உட்கார்ந்து அந்தக் கட்டத்தை எண்ணிப் பார்த்தேன். நான்கு அட்சரம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இரண்டும் மூன்றுதான் வந்தது. மேற்கத்திய இசைக்குறியீட்டில் சுரத்தின் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தால் அதன் அளவில் பாதி கூடும்; இரண்டு அட்சரம் மூன்றாகும். யாரோ நகல் எடுத்தபோது தாளின் வலது ஓரம் வெட்டுப்பட்டு அந்தப் புள்ளி போய்விட்டது. எங்களுக்குத் தாள ஞானம் இல்லை என்று பதினோரு ஆண்டுகள் நாங்களே நம்பிக்கொண்டிருந்தோம். தாளில் பிழை இருக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, கணக்கு வாத்தியாரான எனக்கும்.

அன்று தொடங்கியது இந்தப் பழக்கம். இணையத்தில் 1998 முதல் குழுப்பாடல்களுக்கென ஒரு பொது நூலகமும், 2006 முதல் ஐ.எம்.எஸ்.எல்.பி. என்ற பெரிய இசைத்தாள் நூலகமும் இயங்குகின்றன. என்னைப் போன்ற பொழுதுபோக்குப் பாடகர்கள் பலர் அவற்றுக்குத் தாள் எழுதுகிறார்கள். மியூஸ்கோர் என்ற இலவச மென்பொருள் போதும். ஒரே பாடலின் இரண்டு பழைய அச்சுகளை ஒப்பிட வேண்டும். எதை மாற்றினோம் என்று கடைசியில் எழுதிவைக்க வேண்டும். வினாத்தாளுக்கு விடைக்குறிப்பு தயாரிக்கும் நமக்கு இது புதிதில்லை.

தமிழ்ச் சொற்களைச் சுரங்களுக்குக் கீழே எழுதுவதுதான் கடினம். மேற்கத்திய மெட்டில் நீண்ட சுரம் எங்கே வரும் என்பது நம் குறில் நெடிலுக்குத் தெரியாது. 'மலை' என்ற சொல்லின் முதலெழுத்து மூன்று அட்சரச் சுரத்தில் விழுந்தால் கேட்பவர் காதில் 'மாலை' ஆகிவிடும். 'பல' 'பால' ஆகும், 'விடு' 'வீடு' ஆகும். மெட்டை மாற்ற எனக்கு உரிமையில்லை. சொல்லை ஒரு சுரம் முன்னே பின்னே நகர்த்தலாம், அவ்வளவுதான். ஒரு பத்தியைச் சரிசெய்ய ஒரு வாரம் ஆனதுண்டு. தமிழாசிரியர்கள் வகுப்பில் இதைச் செய்து பாருங்கள். குறில் நெடில் வேறுபாட்டை எந்தப் பயிற்சித்தாளும் இவ்வளவு விரைவாகப் புரியவைக்காது.

இந்த ஊரில் இந்த வேலைக்கு எனக்கு ஒரு முன்னோடி உண்டு. அ. மா. சின்னசாமி முதலியார். சென்னை அரசுச் செயலகத்தில் அலுவலராக இருந்தவர். தொழில்முறைப் பாடகர் அல்ல. 1890-களில் நம் கர்நாடக இசைக் கீர்த்தனைகளைக் கேட்டுக் கேட்டு ஐந்து கோட்டு மேற்கத்தியக் குறியீட்டில் எழுதிச் சென்னையிலேயே அச்சிட்டு வெளியிட்டார். தியாகராஜரின் கீர்த்தனைகளை வாலாஜாபேட்டைச் சீடர் மரபிலிருந்தும், முத்துசாமி தீட்சிதரின் கீர்த்தனைகளைச் சுப்பராம தீட்சிதரிடமிருந்தும் பெற்றார். கைப்பணம் கரைந்தது, கண்பார்வை மங்கியது. அந்த நிலையிலும், தீட்சிதர் குடும்பத்தில் பூட்டிக் கிடக்கும் செல்வம் அச்சேற வேண்டும் என்று எட்டயபுரம் வரை சென்று வற்புறுத்தினார். அதன் விளைவாகவே 1904-இல் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' வெளிவந்தது. கமகத்தை ஐந்து கோட்டில் அடைக்க முடியாது என்று அவரைக் குறை சொல்பவர்கள் உண்டு. குறை உண்மைதான். ஆனால் அவர் எழுதவில்லையென்றால் குறை சொல்லவும் நம்மிடம் தாள் இருந்திருக்காது.

எந்தப் பாடலைத் தாராளமாகப் பயன்படுத்தலாம் என்று ஆண்டுவிழா நேரத்தில் என்னிடம் கேட்பவர்கள் பலர். நம் நாட்டுச் சட்டப்படி ஆசிரியரின் ஆயுட்காலமும் அதன் பின் 60 ஆண்டுகளும் பதிப்புரிமை. 1964-இல் மறைந்தவரின் படைப்பு 2025 தொடக்கத்தில் எல்லோருக்கும் பொதுவாகிறது. முன்பு இது 50 ஆண்டுகளாக இருந்தது. தாகூர் மறைந்து 50 ஆண்டுகள் முடிந்த வேளையில்தான் 60 ஆக்கினார்கள். பாரதிக்கு அந்தக் காத்திருப்பே தேவைப்படவில்லை. 1949-இல் சென்னை மாகாண அரசு அவர் எழுத்துகளின் உரிமையைப் பெற்று, 1955-இல் மக்களுக்கே பொதுவாக்கிவிட்டது. ஆனால் சொல்லுக்கு ஒரு கணக்கு, மெட்டுக்கு ஒரு கணக்கு. தமிழ்த்தாய் வாழ்த்தை எழுதிய சுந்தரனார் 1897-இல் மறைந்தவர்; அவர் சொற்கள் என்றோ பொதுவானவை. மெட்டமைத்த எம்.எஸ். விஸ்வநாதன் மறைந்தது 2015-இல்தான். பாரதி பாடலுக்குத் திரைப்படத்தில் போட்ட மெட்டும் அப்படியே. பள்ளிக்குள் ஆசிரியரும் மாணவரும் பெற்றோர் முன்னிலையில் பாடுவதற்குச் சட்டமே இடம் தருகிறது. அதற்காகப் பயப்பட வேண்டாம். பதிவு செய்து வெளியிடும்போதுதான் கவனம் வேண்டும்.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் கலைத் திருவிழாவுக்காகக் குழுப்பாடல் பயிற்சி என் பொறுப்பில் வந்தது. ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவனுக்குக் குரல் உடைந்துகொண்டிருந்தது. மேலே போனால் கீச்சென்று பிளக்கும், கீழே வந்தால் காற்றுதான் வரும். நான் அவனிடம், "நீ கடைசி வரிசையில் நில்லு, வாயை மட்டும் அசை" என்றேன். அவன் அப்படியே செய்தான். ஆண்டுவிழாவிலும் அதே பாடல், அதே கடைசி வரிசை. நிகழ்ச்சி முடிந்ததும் அவன் அம்மா என்னிடம் வந்தார். "எங்க பையன் குரல் மட்டும் தனியா கேட்டுச்சு சார்" என்றார். அவன் பக்கத்திலேயே நின்றான். என்னைப் பார்க்கவில்லை.

பத்தாம் வகுப்பு முடித்து அவன் ஐ.டி.ஐ. போய்விட்டான். இத்தனைக்கும் அந்த ஆண்டு முழுவதும் வியாழக்கிழமைதோறும் உடைந்த குரல்காரர்களுக்கென்றே எழுதப்பட்ட வரியைத்தான் நான் பாடிக்கொண்டிருந்தேன். பேஸ் என்பது வேறென்ன? அதை ரயிலிலேயே விட்டுவிட்டு வகுப்புக்குள் நுழைந்திருக்கிறேன்.

பிறகு உட்கார்ந்து எழுதினேன். பாரதியின் ஒரு பாட்டுக்கு நானே மோகன ராகத்தில் எளிய மெட்டு அமைத்தேன். தமிழ்த்தாய் வாழ்த்தைத் தொடவில்லை. அதற்கு முறை வகுத்திருக்கிறது: மோகன ராகம், திஸ்ர தாளம், 55 விநாடி, இசைத்தட்டு வேண்டாம், வாயால் பாட வேண்டும். அந்த ராகம் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே பழகியது என்பதால்தான் மோகனத்தை எடுத்தேன். இன்னொரு வசதி, அதன் ஐந்து சுரங்களில் எந்த இரண்டும் அரைச்சுர இடைவெளியில் மோதுவதில்லை. அதனால் சேர்ந்து ஒலித்தாலும் காதை உறுத்தாது. சோதித்துப் பார்க்க வேண்டுமா? வகுப்பை இரண்டாகப் பிரித்து, முதல் குழு ச ரி க ப த ச என்று நிதானமாக ஏறட்டும். அது காந்தாரத்தைத் தொடும்போது இரண்டாம் குழு சட்ஜத்தில் தொடங்கட்டும். பிள்ளைகள் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

சுருதிதான் பெரும்பாலும் நாம் சறுக்கும் இடம். முன்வரிசைப் பெண்பிள்ளை ஐந்து கட்டையில் ஆரம்பித்துவிடுவாள். பாட்டு மேல் சட்ஜத்தைத் தொடும்போது பாதிப் பேர் கத்துவார்கள், மீதிப் பேர் நிறுத்திவிடுவார்கள். சட்ஜத்திலிருந்து மேல் சட்ஜம் வரை போகும் பாட்டென்றால் ஒரு கட்டையிலோ இரண்டு கட்டையிலோ தொடங்கினால் சிறு பிள்ளைகளுக்குத் தொண்டை வலிக்காது. ஹார்மோனியம் இல்லையென்றால் கைப்பேசியில் சுருதிப்பெட்டி செயலி இருக்கிறது.

என் பாட்டுக்கு இரண்டு கட்டை. உடையும் குரல்களுக்குத் தனி வரி: சட்ஜம், அதற்குக் கீழே தைவதம், அதற்கும் கீழே பஞ்சமம். மூன்றே சுரம். குரல் எந்தப் பக்கம் பிளந்தாலும் இந்த இடம் பெரும்பாலும் தாங்குகிறது. நன்றாக உடைந்து முடிந்தவர்கள் அதையே ஒரு ஸ்தாயி கீழே பாடலாம். முதல் ஆண்டு இரண்டு பேர்தான் வந்தார்கள், வெட்கத்தோடு. அவர்கள் நிறுத்தினால் பாட்டு அந்தரத்தில் தொங்குவது போல இருப்பதை மற்ற பிள்ளைகளே கவனித்து, "அண்ணா, நீங்க பாடுங்க" என்றார்கள்.

இந்த ஆண்டு ஐந்து பேர். அதில் ஒருவனுக்கு மட்டும் தைவதம் நிற்கவே மாட்டேன் என்கிறது. அவன் தாளில் அதை அடித்துவிட்டுச் சட்ஜமே எழுதிக் கொடுத்திருக்கிறேன். இராகத்துக்கு ஒரு குறையும் வரவில்லை.

தாள்கள் இருபது படி கொண்டுவந்திருக்கிறேன், தேநீர் இடைவேளையில் வாங்கிக்கொள்ளுங்கள். போதாமல் போனால் நகல் எடுத்துக்கொள்ளலாம், என் அனுமதி தேவையில்லை. வலது ஓரம் மட்டும் வெட்டுப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.