இடுப்பு ஊசிக்கு முன்

சுங்கை லாலாங், பீடோங் தோட்டங்களில் பால்மரம் சீவியவர்களும் செம்பனைக் குலை தூக்கியவர்களும் இடுப்பு வலித்தால் முதுகெலும்பைத்தான் சந்தேகிப்பார்கள். ஆனால் நாள்பட்ட கீழ்முதுகுவலி உள்ளவர்களில் சுமார் 15 முதல் 30 விழுக்காட்டினருக்கு, முதுகெலும்பின் அடிப்பகுதி இடுப்பெலும்போடு சேரும் மூட்டிலேயே வலி பிறக்கிறது. பிட்டத்துக்குச் சற்று மேலுள்ள குழியருகே ஒற்றை விரலால் தொட்டுக் காட்டுவார்கள். நாற்காலியை விட்டு எழும்போது சுரீரென்று இழுக்கும்.

எக்ஸ்ரே மட்டும் பார்த்து இதை உறுதிசெய்ய முடியாது. கதிர்ப்படத்தின் துணையோடு மூட்டுக்குள் மரப்பு மருந்தைச் செலுத்தி, சில மணி நேரம் வலி பெருமளவு அடங்குகிறதா என்று பார்க்க வேண்டும். ஆகவே முதல் ஊசி ஒரு சோதனை. ஸ்டீராய்டும் சேர்த்தால் சில வாரமோ மாதமோ ஆறுதல் கிடைக்கலாம். அந்த ஆறுதல் நிலைக்காவிட்டால், வலியைக் கடத்தும் நரம்பிழைகளை ரேடியோ அலை வெப்பத்தால் சுடுகிறார்கள். 2017இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், உடற்பயிற்சியோடு இதைச் சேர்த்தும் சொல்லத்தக்க கூடுதல் பலன் இல்லை. நோயாளிகளைத் தேர்ந்த விதமும் சுட்ட முறையும் சரியில்லை என்று மறுத்தவர்கள் உண்டு. 2008இல் வெளியான சிறிய ஆய்வொன்று நல்ல பலனைக் காட்டியதும் உண்மையே. தேர்வைக் குறைசொன்ன அந்த மறுப்பும் முதல் ஊசிச் சோதனையைத்தான் வலியுறுத்துகிறது: முதல் ஊசிக்கு அடங்காத வலியை அங்கே சுட்டுப் பயனில்லை.

வேலைக்கு ஓடுகிறவருக்கு உடற்பயிற்சிக்கு நேரமேது என்பீர்கள். வலி குறைந்திருக்கும் அந்த வாரங்கள்தான் தசையை வலுவாக்கும் காலம். அதை விட்டால் ஊசியின் பலன் கரைந்துவிடும். இனிப்புநீர் உள்ளவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். ஸ்டீராய்டு சில நாள் சர்க்கரையை ஏற்றும்.