வீட்டுக்குள் வந்த இரவுப் பணி

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் டோம்பிவிலியிலும் வாழும் நம் குடும்பங்களுக்குள் ஒரு புதுத் தொழில் நுழைந்திருக்கிறது. தாத்தா தோல் பட்டறையில் நின்றார். அப்பா லோக்கல் ரயிலில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போனார். பிள்ளையோ வீட்டு மூலையில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து வீடியோ கேம் செய்கிறான். “விளையாட்டுக்குக்கூடச் சம்பளம் கொடுப்பார்களா?” என்று பாட்டி கேட்கிறாள். கொடுக்கிறார்கள். பதிலுக்கு எதை எடுத்துக்கொள்கிறார்கள் என்பதுதான் நம் கேள்வி.

முதலில் வேலையைப் புரிந்துகொள்வோம். ஒரு பெரிய கேமை ஒரே கட்டடத்தில் செய்து முடிப்பதில்லை. கதையும் திட்டமும் ஓர் ஊரில். அதில் வரும் மரம், கார், மனிதன் இவற்றின் உருவங்கள் வேறோர் ஊரில். பிழை பார்க்கும் சோதனை இன்னோர் ஊரில். சோதனையாளர் விளையாடுகிறார் என்று நினைக்காதீர்கள். ஒரே சுவரில் நூறு தடவை மோதி, எங்கே ஆள் சுவருக்குள் புகுந்துவிடுகிறான் என்று கண்டுபிடித்து எழுத வேண்டும்.

இந்தியாவுக்கு இத்தொழில் நேற்று வந்ததல்ல. 1997-இல் பெங்களூரில் தொடங்கிய துருவா இன்டராக்டிவ், வெளிநாட்டுக் கேம்களுக்கு உருவங்கள் செய்து கொடுத்தது. 2019-இல் ராக்ஸ்டார் கம்பெனி அதை வாங்கியது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் இந்த வேலை வீட்டுக்கு வந்தது. 2024-இல் அதே ராக்ஸ்டார், வாரம் 5 நாளும் ஆபீசுக்கு வரச் சொன்னது. வீட்டுக்கு அனுப்புவதும் முதலாளி முடிவு. திரும்ப அழைப்பதும் முதலாளி முடிவு!

வீட்டிலிருந்து வேலை செய்வதில் நன்மையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. ரயில் நெரிசல் இல்லை. கைக்குழந்தை உள்ள பெண்ணுக்கும், நடக்க முடியாத தோழருக்கும் அது ஒரு வாசல். அந்த வாசலை மூடச் சொல்பவர்கள் அல்ல நாம். ஆனால் மின்கட்டணம் யாருடையது? இணையக் கட்டணம் யாருடையது? பத்துக்குப் பதினைந்து அடி அறையில் அவன் மீட்டிங் பேசும்போது தங்கை வாய்விட்டுப் படிக்க முடியாது. அம்மா குக்கர் வைக்க முடியாது. கம்பெனி தர வேண்டிய ஆபீஸ் வாடகையை நம் குடும்பம் கட்டுகிறது.

நேரத்தைப் பாருங்கள். கலிபோர்னியாவில் காலை 10 மணி என்றால் நமக்குக் கோடையில் இரவு பத்தரை, குளிர்காலத்தில் பதினொன்றரை. அவர்களுக்குக் காலைக் கூட்டம். நம் பிள்ளைக்கு நடுநிசி. ரயில்வேயில் இரவு 10 முதல் காலை 6 வரை செய்யும் பணியில் மணிக்கு 10 நிமிடம் கூட்டிக் கணக்கிட்டு இரவுப் படி தருகிறார்கள். அது தானாக வந்ததா? 1974 மே மாதம் ரயில்வே தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் 8 மணி நேர வேலை ஒரு முக்கியக் கோரிக்கை. சிறை சென்றவர்கள், வேலை இழந்தவர்கள் எத்தனை பேர்! கணக்கில் ஏறாத நேரத்துக்குக் கூலி கிடையாது என்பது நம் மூத்தோர் கற்ற பாடம். கேம் வெளியாகும் தேதி நெருங்கும்போது இரவு பகலாக உழைப்பதை அத்தொழிலில் ‘கிரஞ்ச்’ என்கிறார்கள். ஆபீசில் என்றால் விளக்காவது அணையும். வீட்டில் யார் அணைப்பது?

“ஆளுக்கொரு வீட்டில் இருப்பவர்கள் எப்படிச் சங்கம் சேர்வது?” என்கிறார்கள். அமெரிக்காவில் ஜெனிமேக்ஸ் கம்பெனியின் சுமார் 300 சோதனையாளர்கள் மேரிலாந்து, டெக்சாஸ் என்று இரண்டு மாநிலங்களில் இருந்தார்கள். கையெழுத்திட்ட அட்டை மூலமும் இணையம் மூலமும் விருப்பம் தெரிவித்து 2023 ஜனவரியில் சங்கம் அமைத்தார்கள். உரிமையாளரான மைக்ரோசாப்ட் அதை அங்கீகரித்தது. 2025-இல் ஒப்பந்தமும் பெற்றார்கள். வேலையைக் கொண்டுவரும் அதே கம்பி வழியே சங்கமும் வரும்! பெங்களூரில் கம்ப்யூட்டர் தொழிலாளர் சங்கமான கிட்டு 2017 முதல் இருக்கிறது.

ஆகவே மூன்று காரியம் செய்வோம். ஒன்று, வேலை தொடங்கிய நேரமும் முடிந்த நேரமும் தினமும் ஒரு நோட்டில் எழுதப்பட வேண்டும். இரண்டு, கையெழுத்திட்ட தாளை எடுத்துப் பாருங்கள். அது பணி நியமன ஆணையா, ‘ஆலோசகர்’ ஒப்பந்தமா? ஆலோசகர் என்று போட்டுவிட்டால் பி.எப். இல்லை, கிராஜுவிட்டி இல்லை. புரியாவிட்டால் ஞாயிறு காலை சங்க அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள், உட்கார்ந்து படிப்போம். மூன்று, கேமின் முடிவில் ஓடும் பெயர்ப் பட்டியலில் தன் பெயர் வருமா என்று முன்கூட்டியே கேட்கட்டும். அடுத்த வேலைக்கு அதுவே சான்று. வெளியூரிலிருந்து உழைப்பவர்களின் பெயர்தான் முதலில் விடுபடுகிறது.

பெற்றோரே, நடுநிசியில் பிள்ளையின் அறையில் வெளிச்சம் தெரிந்தால் “விளையாடியது போதும், படு” என்று சொல்லாதீர்கள். “இன்று எத்தனை மணி நேரம் ஆயிற்று?” என்று கேளுங்கள். சங்கத்தின் முதல் கேள்வியும் அதுதான்.