பதில் வராத இருபது கணினிகள்



ஒரு கோடை விடுமுறை. ஒரு கல்லூரியின் கணினிக் கூடம். இரவு ஒன்பது மணி தாண்டிவிட்டது. 60 கணினிகளிலும் பழைய விண்டோஸை எடுத்துவிட்டுப் புதியதைப் போட வேண்டும். பென் டிரைவைச் செருகி ஒவ்வொன்றாக உட்கார்ந்தால், ஒன்றுக்கு முக்கால் மணி நேரம் என்று கணக்கு வைத்தாலும் 45 மணி நேரம் ஆகும். அதனால்தான் நெட்வொர்க் பூட் என்கிற வழி. கணினி தன் டிஸ்க்கில் என்ன இருக்கிறது என்றே பார்க்காது. சுவரிலிருந்து வரும் நெட்வொர்க் கேபிள் வழியே சர்வரைக் கூப்பிட்டு, அது தருவதை வாங்கித் தனக்குள் நிரப்பிக்கொள்ளும். பொத்தானை அழுத்திவிட்டு நாம் டீ குடிக்கப் போகலாம்.

போனோம். திரும்பி வந்து பார்த்தால் 40 கணினிகளில் வேலை ஓடிக்கொண்டிருக்கிறது. கடைசி இரண்டு வரிசைகளில் 20 கணினிகள், கறுப்புத் திரையில் இரண்டு வரி வெள்ளை எழுத்தோடு நிற்கின்றன. லேப் உதவியாளர் தம்பி ஓடி வந்தார். “சார், இந்த இருபதும் எழுந்திருக்கவே மாட்டேங்குது. நெட்வொர்க் கார்டு போயிடுச்சு போல சார்.”

ஒரே ராத்திரியில் இருபது கார்டு போகாது, தம்பி. போயிருந்தால் இடி விழுந்திருக்க வேண்டும்.

இந்த மாதிரி நேரத்தில் எல்லோருக்கும் வருகிற முதல் ஆசை எதையாவது மாற்றிப் பார்ப்பது. கேபிளை மாற்று, செட்டிங்கை மாற்று, சர்வரை நிறுத்தி மறுபடி ஓடவிடு. பத்து வருடம் நானும் அப்படித்தான் செய்தேன். இப்போது செய்வதில்லை. நெட்வொர்க் பூட் என்பது ஒரு பேச்சு. கணினி ஒன்று கேட்கும், சர்வர் ஒன்று சொல்லும். அந்தப் பேச்சு எந்த இடத்தில் அறுந்தது என்று தெரியாமல் எதையும் தொடக் கூடாது.

என்ன பேச்சு என்று சொல்லிவிடுகிறேன். மின்சாரம் வந்ததும் நெட்வொர்க் கார்டுக்குள் இருக்கும் சின்ன நிரல் விழித்துக்கொள்கிறது. அதற்குத் தன் பெயர் தெரியாது, ஊர் தெரியாது, யாரிடம் கேட்பது என்றும் தெரியாது. தெரிந்தது ஒன்றே ஒன்று: கார்டில் பொறித்த ஓர் எண். அதைச் சொல்லி இருட்டில் கத்துகிறது: “இங்கே யாராவது இருக்கிறீர்களா? எனக்கு ஒரு முகவரி வேண்டும்.” டி.எச்.சி.பி. என்கிற சேவை ஓடும் சர்வர் கேட்டுவிட்டு, “இந்த முகவரி காலியாக இருக்கிறது, வைத்துக்கொள்கிறாயா?” என்கிறது. “வைத்துக்கொள்கிறேன்” என்கிறது கணினி. “சரி, உனக்குத்தான்” என்று சர்வர் உறுதி செய்கிறது. கூடவே, “உனக்கு வேண்டிய கோப்பு இன்ன சர்வரில், இன்ன பெயரில் இருக்கிறது, போய் வாங்கிக்கொள்” என்றும் வழி சொல்கிறது. கணினி அங்கே போய் அந்தச் சின்னக் கோப்பை வாங்கும். சின்னக் கோப்பு பெரிய கோப்பை வாங்கும். பெரிய கோப்பு ஒரு குட்டி விண்டோஸாக எழுந்து நின்று, மிச்ச வேலையைப் பார்க்கும்.

இந்தப் பேச்சின் இலக்கணம் பழையது. 1985 செப்டம்பரில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பில் கிராஃப்ட், சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் ஜான் கில்மோர் இருவரும் பூட்-பி என்று ஒன்றை எழுதினார்கள். டிஸ்க்கே இல்லாத கணினிகள் அந்தக் காலத்தில் உண்டு. அவை காலையில் எழுந்ததும் தங்கள் மூளையை நெட்வொர்க்கில் போய்த்தான் வாங்கி வர வேண்டும். அவற்றுக்காக எழுதியது அது. அதன் மேல் வளர்ந்ததுதான் 1993-இல் வந்த டி.எச்.சி.பி. பிறகு இன்டெல் நிறுவனம் இதையெல்லாம் சேர்த்துக் கட்டி பி.எக்ஸ்.இ. என்று பெயர் வைத்தது. அதன் 2.1 பதிப்பு 1999-இல் வெளியானது. எங்கள் தொழிலில் அதைப் “பிக்ஸி” என்போம். நேற்று வாங்கிய கணினியும் எழுந்ததும் அந்தப் பழைய பேச்சைத்தான் பேசுகிறது.

பேச்சு அறுந்தால் திரையில் ஓர் எண் வரும். இ-61 என்றால் கேபிளில் உயிரே இல்லை. இ-51 என்றால் கத்திப் பார்த்தேன், யாரும் பதில் சொல்லவில்லை. புதிய கணினிகளில் இதையே இ-16 என்று காட்டும். இ-53 என்றால் முகவரி கிடைத்தது, கோப்பின் பெயரை யாரும் சொல்லவில்லை. இ-32 என்றால் பெயரும் தெரியும், போய்க் கதவைத் தட்டினேன், திறக்கவில்லை. வலிக்கிற இடத்தைத்தான் இந்த எண் காட்டும். காரணத்தை நாம்தான் தேட வேண்டும்.

எங்கள் இருபதில் பதினேழு கணினிகள் இ-51 காட்டின. மூன்று மட்டும் இ-53. அந்த மூன்றைப் பிறகு பார்ப்போம்.

பதினேழும் கத்தியிருக்கின்றன, பதில் வரவில்லை. அதே சர்வர் பக்கத்து வரிசையில் 40 பேருக்குப் பதில் சொல்லியிருக்கிறது. எனவே சர்வரிடம் போக வேண்டாம். கேபிளைப் பிடித்துக்கொண்டு ரேக் வரை நடந்தேன். கடைசி இரண்டு வரிசைகளும் போன மாதம் மாட்டிய ஒரு புதிய ஸ்விட்சில் போய் முடிந்தன. மேசை டிராயரில் சில நூறு ரூபாய்க்கு விற்கும் ஒரு குட்டி ஸ்விட்ச் கிடந்தது, செட்டிங் எதுவும் இல்லாத பிளாஸ்டிக் பெட்டி. அதை ஒரு கணினிக்கும் சுவருக்கும் நடுவே செருகினேன். கணினியை அணைத்துப் போட்டேன். உடனே எழுந்துவிட்டது. தம்பி என்னை மந்திரவாதியைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

மந்திரம் இல்லை. ஸ்விட்சுகளை ஒன்றோடொன்று இணைக்கும்போது யாராவது தவறி ஒரு கேபிளின் இரண்டு முனைகளையும் ஒரே வட்டத்துக்குள் செருகிவிட்டால், ஒரு கூச்சல் அந்த வட்டத்தில் சுற்றிச் சுற்றிப் பெருகும். நிமிடத்துக்குள் மொத்த நெட்வொர்க்கும் மூச்சு முட்டிப் படுத்துவிடும். அதைத் தடுக்க ஸ்பேனிங் ட்ரீ என்கிற முறையை 1985-இல் ராடியா பெர்ல்மன் என்ற பெண்மணி கண்டுபிடித்தார். டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனில் வேலை செய்தவர். அந்த முறையை விளக்க ஒரு கவிதையும் எழுதினார். எங்கள் துறையில் ஆவணத்தைக் கவிதையில் எழுதிய வேறு ஆள் என் நினைவுக்கு வரவில்லை.

அந்தப் பழைய முறைப்படி, ஒரு துளையில் புதிதாக ஏதாவது உயிர் பெற்றால் ஸ்விட்ச் அதை உடனே உள்ளே விடாது. 15 வினாடி சும்மா கவனிக்கும். இன்னும் 15 வினாடி யார் எவர் என்று கற்றுக்கொள்ளும். ஆக 30 வினாடிக்குப் பிறகுதான் கதவு திறக்கும். நம் கணினியோ எழுந்த உடனேயே கத்தத் தொடங்கிவிடுகிறது. விதிப்படி அது நான்கு முறை கூப்பிட வேண்டும். 4, 8, 16, 32 வினாடி என்று ஒவ்வொரு முறையும் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும். மொத்தம் 60 வினாடி. அவ்வளவு பொறுமை எல்லாக் கணினிக்கும் இருப்பதில்லை. பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று கத்திவிட்டு, கதவு திறப்பதற்குள் போய்விடுகிறது.

குட்டி ஸ்விட்ச் நடுவில் வந்தபோது என்ன நடந்தது? கணினி அணைந்திருந்தாலும் பிளாஸ்டிக் பெட்டிக்கு மின்சாரம் உண்டு. சுவர்ப் பக்கம் தொடர்பு அறுவதே இல்லை. பெரிய ஸ்விட்ச் தன் 30 வினாடியை எப்போதோ முடித்துக் கதவைத் திறந்து வைத்திருந்தது. அவ்வளவுதான். மருந்தும் எளிது. கணினி மட்டுமே செருகும் துளைகளில் காத்திருக்க வேண்டாம் என்று ஸ்விட்சுக்குச் சொல்லும் ஒரு செட்டிங் இருக்கிறது. சிஸ்கோவில் அதற்கு போர்ட்ஃபாஸ்ட் என்று பெயர், மற்றவர்கள் எட்ஜ் போர்ட் என்பார்கள். ஆனால் இன்னொரு ஸ்விட்ச் போய் முடியும் துளையில் அதைப் போட்டுவிடாதீர்கள். பெர்ல்மன் எதற்காக மெனக்கெட்டாரோ அதுவே நடந்துவிடும்.

பதினேழும் எழுந்தன. மிச்சம் அந்த மூன்று.

இ-53: முகவரி கிடைத்தது, கோப்பின் பெயர் கிடைக்கவில்லை. திரையைக் கூர்ந்து பார்த்தேன். கிடைத்த முகவரி 192.168.0 என்று தொடங்கியது. எங்கள் கூடத்தில் எல்லா முகவரியும் 10 என்றுதான் தொடங்கும். அப்படியானால் இந்த முகவரியைக் கொடுத்தது யார்? தேடிப் போனால் பக்கத்து ஆசிரியர் அறை. செல்போனுக்கு வைஃபை வேண்டும் என்று யாரோ வீட்டிலிருந்து ஒரு ரவுட்டரைக் கொண்டுவந்து சுவரில் செருகியிருந்தார்கள், அதுவும் தவறான துளையில். அந்தப் பெட்டிக்குள்ளும் ஒரு டி.எச்.சி.பி. உண்டு. கூப்பிட்ட குரல் அதற்கும் கேட்டது, முந்திக்கொண்டு பதில் சொன்னது. விண்டோஸைப் பற்றி அதற்கென்ன தெரியும்? முகவரியைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டது. சில கணினிகள் முந்தி வந்த பதிலையே பிடித்துக்கொள்ளும். அந்த மூன்றும் அப்படிப் பிடித்துக்கொண்டவை.

இதில் சிரிப்போடு ஒரு பயமும் இருக்கிறது. எழுந்ததும் கத்துகிற கணினி, யார் பதில் சொன்னாலும் நம்புகிறது. வேண்டுமென்றே ஒருவர் தப்பான பதிலைச் சொல்லி, தன் கோப்பை அதன் தலையில் ஏற்றவும் முடியும். நம்பகமான துளையிலிருந்து வரும் டி.எச்.சி.பி. பதிலை மட்டும் அனுமதிக்கும் வசதி நல்ல ஸ்விட்சுகளில் உண்டு. பல இடங்களில் அதை யாரும் போட்டு வைப்பதில்லை.

அன்றைய இரவில் வராத, ஆனால் அடிக்கடி வருகிற சிக்கல்கள் இன்னும் சில. கணினி ஒரு மாடியிலும் சர்வர் இன்னொரு மாடியிலும், நடுவே ரவுட்டரும் இருந்தால் கூச்சல் ரவுட்டரைத் தாண்டாது. அதைக் கேட்டு அந்தப் பக்கம் சொல்லிவிட ரவுட்டரிலேயே ஓர் ஆளை நியமிக்க வேண்டும். இன்னொன்று, பழைய கணினி பயாஸ் என்கிற முறையில் எழுகிறது, புதியது யு.இ.எஃப்.ஐ. முறையில் எழுகிறது. ஒன்றுக்கான கோப்பை மற்றதால் படிக்க முடியாது. கூப்பிடும்போதே கணினி தன் இனத்தை ஓர் எண்ணால் சொல்லிவிடும். நடைமுறையில் 0 என்றால் பயாஸ், 7 என்றால் 64 பிட் யு.இ.எஃப்.ஐ. இதைக் காதில் வாங்காமல் எல்லோருக்கும் ஒரே கோப்பின் பெயரை டி.எச்.சி.பி.யில் எழுதி வைப்பவர்கள் இருக்கிறார்கள். பழையவை எழும், புதியவை படுக்கும். பழி புதிய கணினியின் மேல் விழும். செக்யூர் பூட் போட்டிருந்தால் கையொப்பம் இல்லாத கோப்பையும் கணினி தள்ளிவிடும். அதற்காக செக்யூர் பூட்டையே அணைத்துவிடுவது எனக்குப் பிடிக்காது. கையொப்பமிட்ட கோப்பைத் தேடிப் போடுவதுதான் வேலை.

கோப்பை ஏற்றிக் கொண்டுவரும் வண்டியின் பெயர் டி.எஃப்.டி.பி. மிக எளிய வண்டி. 512 பைட் கொண்ட ஒரு துண்டை அனுப்பும், “வந்தது” என்று பதில் வரும் வரை அடுத்த துண்டைத் தொடாது. கட்டட வேலையில் செங்கல்லை ஒவ்வொன்றாகக் கைமாற்றுவது போல. 400 மெகாபைட் கோப்பு என்றால் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட செங்கல். ஒன்றுக்கு ஒரு மில்லி வினாடி என்று வைத்தாலும் 13 நிமிடத்துக்கு மேல் ஆகும். “ஹேங் ஆகிவிட்டது” என்று பலர் பொத்தானை அமுக்குவது இந்த நேரத்தில்தான். செங்கல்லின் அளவைப் பெரிதாக்கும் செட்டிங் உண்டு. 1,456 பைட் என்று வைத்தாலே ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இ-32 வந்தால் சர்வரின் ஃபயர்வாலைப் பாருங்கள். டி.எஃப்.டி.பி. 69-ஆம் எண் கதவில்தான் கேட்கும், ஆனால் பதிலை வேறொரு கதவு வழியாக அனுப்பும். 69-ஐ மட்டும் திறந்து வைத்துவிட்டு “திறந்துதானே இருக்கிறது” என்று வாதாடியவர்களில் நானும் ஒருவன்.

எரிச்சல் அதிகம் தருவது கடைசிக் கட்டம். குட்டி விண்டோஸ் அழகாக எழுந்துவிடும், ஒரு ஜன்னல் திறக்கும், சர்வர் கிடைக்கவில்லை என்று மறுபடி அணைந்துவிடும். இவ்வளவு தூரம் நெட்வொர்க்கில்தானே வந்தது, இப்போது என்ன கேடு? இதுவரை பேசியது கார்டுக்குள் இருந்த நிரல். இப்போது பேச வேண்டியது குட்டி விண்டோஸ். அதனிடம் அந்தக் கார்டுக்கான டிரைவர் இல்லை. ஷிஃப்டும் எஃப் 10-உம் சேர்த்து அழுத்தினால், சில அமைப்புகளில் எஃப் 8-ஐ அழுத்தினால், ஒரு கறுப்பு ஜன்னல் வரும். அதில் முகவரி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் டிரைவரைச் சேர்த்து அந்தக் கோப்பைப் புதிதாகக் கட்ட வேண்டும். புதிய மாடல் கணினி வாங்கும் ஒவ்வொரு முறையும் இது வரும்.

அன்று விடியற்காலை நாலரை மணிக்கு அறுபதாவது கணினி முடிந்தது. ரவுட்டரை ஆசிரியர் அறை மேசை மேல் வைத்து, ஒரு துண்டுச் சீட்டும் எழுதி வைத்துவிட்டு வந்தோம்.

உங்கள் அலுவலகத்திலோ பள்ளியிலோ கணினி இப்படிக் கறுப்புத் திரையில் நின்றால், தொழில்நுட்ப ஆளுக்கு போன் செய்து “கம்ப்யூட்டர் வரலை” என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்த எழுத்துகள் சில வினாடிதான் நிற்கும், அதனால் செல்போனில் வீடியோவாக எடுத்து அனுப்புங்கள். கேபிள் எந்தச் சுவர்த் துளையில் செருகியிருக்கிறது என்பதையும், பக்கத்துக் கணினி ஓடுகிறதா இல்லையா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.