உறைகிணற்றில் நீர் இறைத்தவர் யார்?

(சங்க வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

நம் மாலைப் பள்ளி மாணவர்களையும் பெற்றோர் சிலரையும் அழைத்துக்கொண்டு நாங்கள் கீழடிக்குச் சென்று வந்ததைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்துள்ளனர். சுற்றுலா என்றால் குற்றாலம், கொடைக்கானல், திருச்செந்தூர் என்பதே அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தின் வழக்கம். வண்டிக்குப் பணம் கட்டி இடிந்த செங்கல் சுவரைப் பார்க்கப் போவானேன் என்று பெற்றோரில் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருகிறவர் கேட்கத்தான் செய்வார்.

புறப்படுவதற்கு முன் இரண்டு வாரம் மாலை வகுப்பில் வேறொரு நகரைப் பற்றிப் பாடம் நடத்தினோம். இத்தாலி நாட்டில், நேப்பிள்ஸ் நகருக்கு அருகே, வெசுவியஸ் என்னும் எரிமலையின் அடிவாரத்தில் இருந்த பொம்பெயி நகரம் அது. புதைந்த ஊரை எவ்வாறு பார்ப்பது, அங்கே எதைத் தேடுவது என்று கற்றுக்கொள்ள அதனினும் நல்ல பாடம் இல்லை என்பது எங்கள் எண்ணம்.

கி.பி. 79-இல் அம்மலை வெடித்தது. நுரைக்கல்லும் சாம்பலும் மழையாகப் பொழிந்தன. பின்னர் நெருப்பு வெள்ளம்போல் கொதிக்கும் காற்றும் சாம்பலும் உருண்டு வந்தன. இரண்டே நாளில் நகரம் நான்கு முதல் ஆறு மீட்டர் ஆழத்துக்கு மூடப்பட்டது. நாளடைவில் அந்த ஊர் இருந்த இடமே மறந்துபோயிற்று. 1748-இல் தோண்டத் தொடங்கினார்கள். இன்றும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தோண்டப்படாமல் மண்ணுக்குள் இருக்கிறது.

இறந்தவர்களின் உடலைச் சுற்றிச் சாம்பல் இறுகிக் கல்லாகிவிட்டது. உள்ளே உடல் மக்கிப்போய் வெற்றிடம் எஞ்சியது. 1863-இல் பியோரெல்லி என்னும் ஆய்வாளர் அவ்வெற்றிடங்களில் வெண்சாந்தைக் கரைத்து ஊற்றி, இறுகியபின் சாம்பலை உடைத்து எடுத்தார். சாகும் நேரத்தில் கிடந்த கோலத்திலேயே மனிதர்கள் வெளிப்பட்டார்கள். சங்கிலியில் கட்டப்பட்டிருந்த நாய் ஒன்றும் உடலை முறுக்கியபடி அவ்வாறே கிடைத்தது. அவிழ்த்துவிட ஆளில்லாமல் செத்த அந்த நாயின் படத்தைப் பார்த்தபோதுதான் வகுப்பில் சலசலப்பு நின்றது.

தோண்டத் தொடங்கிய காலத்தில் அரசனுக்காகத் தோண்டினார்கள். சிலை, ஓவியம், வெண்கலம் ஆகியவற்றையே தேடினார்கள். செல்வர் மாளிகைகளே நூல்களில் இடம்பெற்றன. அந்த மாளிகைகளைத் துடைத்தவன் எங்கே படுத்தான் என்று கேட்க வெகுகாலம் ஆயிற்று. 2021-இல், நகரின் வடக்கே சிவிதா ஜூலியானா என்னுமிடத்தில் ஒரு பெரிய பண்ணை வீட்டைத் தோண்டியபோது, பதினாறு சதுர மீட்டர் அளவுள்ள ஓர் அறை கிடைத்தது. அதில் மூன்று கயிற்றுக் கட்டில்கள். இரண்டு பெரியவை, ஒன்று 1.4 மீட்டர் நீளமே உள்ளது, சிறுவன் ஒருவன் படுக்கக்கூடியது. கட்டிலுக்கு அடியில் மண்கலயங்கள். மூலையில் சாடிகள் அடுக்கப்பட்டிருந்தன. வண்டியின் ஏர்க்கால் குறுக்கே கிடந்தது. சுவரில் ஓவியம் இல்லை. மேலே சிறு சாளரம் ஒன்று மட்டும். அடிமைகள், ஒருவேளை ஒரு குடும்பமாகவே, சரக்குகளுக்கு நடுவே அங்கே படுத்து எழுந்திருக்கிறார்கள். 2023-இல் நகருக்குள்ளேயே ஒரு மாவரைக்கும் கூடம் வெளிப்பட்டது. அதன் சாளரங்களில் இரும்புக் கம்பிகள். அடிமைகளும் கழுதைகளும் அங்கே ஒன்றாக அடைக்கப்பட்டனர் என்றும், கழுதைகள் கண்ணைக் கட்டி எந்திரத்தைச் சுற்றி நடக்க விடப்பட்டன என்றும் ஆய்வாளர் கருதுகின்றனர்.

பொம்பெயி என்றால் சுவர் ஓவியம் என்றிருந்த நிலைமாறி, இக்கட்டிலும் இக்கம்பியும் பேசப்படும் காலம் வந்திருக்கிறது. கேட்கிறவர் மாறினால் மண்ணும் வேறு விடை சொல்லும் என்பதை மாணவர்கள் உடனே புரிந்துகொண்டார்கள்.

அந்த உரோமர்களுக்கும் நம் பாண்டி நாட்டுக்கும் இருந்த தொடர்பையும் சொன்னோம். வெசுவியஸ் வெடித்தபோது மக்களைக் காப்பாற்றக் கப்பலில் போய் உயிர்விட்ட பிளினி என்பவர், ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் நாணயம் இந்தியாவுக்குப் போய்விடுகிறதே என்று தம் நூலில் குறைபட்டுக்கொண்டவர். மிளகு, முத்து, மெல்லிய துணி இவற்றுக்காகப் போன பணம் அது. பொம்பெயியிலேயே 1938-இல் தந்தத்தில் செய்த இந்தியப் பெண்ணுருவம் ஒன்று கிடைத்தது. சாண் உயரத்துக்குச் சற்று மிகும். அது நம் தமிழ் நிலத்தில் செய்யப்பட்டது என்று பெருமை கொள்ள இடமில்லை. தக்காணத்தைச் சேர்ந்தது என்பதே பெரும்பாலோர் கருத்து. ஆனால் வைகை கடலோடு கலக்குமிடத்தருகே உள்ள அழகன்குளத்தில் உரோமக் காசுகளும் மட்கலங்களும் கிடைத்துள்ளன. அங்கே ஒரு பானை ஓட்டில் கப்பல் ஒன்று கீறப்பட்டிருக்கிறது.

இன்னொரு செய்தியையும் மறைக்காமல் சொன்னோம். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழி பேசிய மாலுமி ஒருவர் எழுதிய ‘பெரிப்ளுஸ்’ என்னும் கடல்வழி நூல், பாண்டியனின் கொற்கையில் முத்துக் குளித்தவர்கள் தண்டனை பெற்ற கைதிகள் என்று கூறுகிறது. உரோமாபுரிச் சீமாட்டியின் காதில் தொங்கிய முத்துக்கு மூச்சடக்கி மூழ்கியவன் கைதி. கொற்கை முத்து என்று மேடையில் பேசும்போது அவனையும் சேர்த்தே பேசுதல் வேண்டும்.

இனிக் கீழடிக்கு வருவோம். காரியாபட்டி வழியாக மதுரை சென்று, அங்கிருந்து இராமேசுவரம் சாலையில் திரும்பினோம். மதுரைக்குத் தென்கிழக்கே பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவில் தென்னந்தோப்புக்குள் இருக்கிறது ஊர். எரிமலை ஏதும் அதைப் புதைக்கவில்லை. மக்கள் விட்டுப்போனார்கள், மண் மூடியது, மேலே தென்னை வைத்தார்கள். கருவேல முள் மூடிக் கிடக்கும் நம் பக்கத்துப் பாழ் நத்தங்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்தியத் தொல்லியல் துறை 2014-15 பருவத்தில் அங்கே அகழாய்வைத் தொடங்கியது. அமர்நாத் இராமகிருஷ்ணன் தலைமையில் நடந்த தொடக்கப் பணியிலேயே செங்கற் கட்டடங்கள் வெளிப்பட்டன. 2018 முதல் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை தொடர்ந்தது. 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த கரித்துண்டு ஒன்று கி.மு. 580-ஐச் சேர்ந்தது என அமெரிக்க ஆய்வகம் கணித்தது. காலக்கணிப்பைப் பற்றி அறிஞரிடையே வாதம் உண்டு. அதில் நாங்கள் தலையிடுவதற்கில்லை.

2023 மார்ச்சு 5-இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகம் செட்டிநாட்டு மாளிகை போலக் கட்டப்பட்டுள்ளது. அழகுக்குக் குறைவில்லை. எனினும் தக்களியும் பானை ஓடும் வாழ்ந்த வீட்டுக்குச் செட்டிநாட்டுத் தூண் எதற்கு என்று எங்களுள் ஒருவர் முணுமுணுத்தார். அதை இங்கே பதிவு செய்கிறோம்.

உள்ளே எங்கள் பெண்கள் அதிகநேரம் நின்றது பொன் துண்டுகளின் முன் அல்ல. தக்களிகளின் முன்னும், நெசவுக்குப் பயன்பட்டதாகச் சொல்லப்படும் எலும்பு முனைகளின் முன்னும்தான். அருப்புக்கோட்டைத் தறிச் சத்தத்தில் வளர்ந்தவர்கள் அல்லவா? சிறுவர்கள் பகடைக்காய்களையும் வட்டச் சில்லுகளையும் விட்டு நகரவில்லை. ஆட்டின் எலும்பும் மாட்டின் எலும்பும் எருமையின் எலும்பும் கிடைத்துள்ளன என்ற குறிப்பை ஒரு மாணவன் உரக்கப் படித்தான். சிலர் சிரித்தார்கள். சிரிப்பின் பொருள் நமக்குத் தெரியும்.

சுட்ட மண் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கிணறுகளும் அங்கே கண்டெடுக்கப்பட்டவை. உறைகிணற்றுக்கு அருகில் எங்களோடு வந்த மூதாட்டி ஒருவர் நின்றுவிட்டார். “இதுல எல்லாரும் எறச்சாகளா, இல்ல நாம ஒதுங்கி நின்னமா?” என்று கேட்டார். விளக்கம் சொல்லிக்கொண்டிருந்த இளைஞர் திகைத்துப்போனார். பொம்பெயியில் தெருமுனைதோறும் கல் தொட்டிகள் இருந்தன, ஏறத்தாழ நாற்பது, ஈயக் குழாயில் நீர் வந்தது என்று வகுப்பில் படித்திருந்தோம். அங்கே குடத்தோடு வந்தவர்களும் பெரும்பாலும் அடிமைகளாகவே இருந்திருப்பார்கள். ஆனால் அவர்கள் கை பட்டதால் நீர் தீட்டாயிற்று என்று எவரும் சொன்னதாகத் தெரியவில்லை. நம் நாட்டில் 1927-இல் மகாடு நகரின் குளத்தில் ஒரு கை நீர் அள்ளிக் குடிக்க அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவரைத் திரட்டிப் போக வேண்டியிருந்தது. திருச்சுழிப் பக்கத்து ஊருணிக் கரையில் யாரேனும் வந்து ஊற்றட்டும் என்று வெயிலில் காத்து நின்ற கதையை இந்த அவையில் உள்ள பெரியவர்கள் எங்களைவிட நன்கு அறிவார்கள்.

அம்மூதாட்டியின் கேள்விக்கு உறைகிணறு விடை சொல்லாது. அக்காலத்தில் உயர்வு தாழ்வே இல்லை என்று மேடை ஏறிச் சொல்வது எளிது. அங்கே நமக்கு என்ன இருக்கிறது என்று திரும்பிவிடுவதும் எளிது. இரண்டையும் நாங்கள் ஏற்கவில்லை. செங்கல் சாதி சொல்லாது. ஆனால் செங்கலை அறுத்தவன், பானையை வனைந்தவன், நூலை நூற்றவள் அங்கே இருந்தார்கள் என்பதை அது சொல்கிறது. அவர்கள் இல்லாமல் நகரம் இல்லை. இன்று அந்தக் குழிகளில் மண்ணை அள்ளிச் சலித்தவர்களும் சுற்று வட்டாரத்துக் கூலி மக்களே. அவர்களில் பெண்கள் பலர். அவர்கள் கை பட்டே தமிழகத்தின் பழமை வெளியே வந்தது.

கண்டவற்றுள் எங்கள் மனத்தை விட்டு அகலாதவை எழுத்துப் பொறித்த ஓடுகள். நான்காம் பருவத்தில் மட்டும் தமிழி எழுத்துடைய ஓடுகள் ஐம்பத்தாறு கிடைத்தன. ‘ஆதன்’ என்றும் ‘குவிரன்’ என்றும் பெயர்கள். பெரும்பாலானவை பானையைச் சுட்டு எடுத்தபின் கீறியவை. கையெழுத்து ஒன்றுபோல் இல்லை. ஆகவே குயவர் ஒருவரே எழுதியவை அல்ல, பானையை வாங்கியவர்கள் தாமே எழுதிக்கொண்டவை என்று கருதுகிறார்கள். பொம்பெயியிலும் சுவரெல்லாம் எழுத்து. இன்னாருக்கு வாக்களியுங்கள் என்று ரொட்டி சுடுவோரும் பழம் விற்போரும் கோவேறு கழுதை ஓட்டுவோரும் எழுதுவித்த வேண்டுகோள்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன.

அரசன் பெயர் கல்லில் இருப்பதில் வியப்பில்லை. சோறு பொங்கிய பானையில் ஒருவன் தன் பெயரைத் தானே கீறி வைத்தான் என்பதே வியப்பு. ஏனெனில் நம் பாட்டனார்களுக்கு அது வாய்க்கவில்லை. நல்ல பெயர் வைத்தால் பண்ணைக்காரர் முகம் சுளிப்பார் என்று அஞ்சி வைத்த பெயர்கள்; அவற்றையும் பாதியாக வெட்டி, வயதில் சிறியவனும் ‘டா’ போட்டு அழைத்த பெயர்கள். கடன் பத்திரத்தில் என்ன எழுதியிருந்தது என்று தெரியாமலே கட்டை விரலை மை தொட்டு வைத்தார்கள், நிலம் போயிற்று. இச்சங்கம் தொடங்கிய நாளின் வருகைப் பதிவேடு இன்றும் அலுவலக அலமாரியில் உள்ளது. கையொப்பத்துக்குரிய கட்டங்களில் நீல ரேகைகள் எத்தனை என்று விரும்புவோர் எண்ணிக்கொள்ளலாம். அந்த ரேகைகளுக்கு உரியவர்களின் பேரப்பிள்ளைகள்தாம் கீழடியில் கண்ணாடிமேல் விரல் வைத்து ‘ஆ’ எது, ‘த’ எது என்று தேடினார்கள். அம்மூதாட்டியும் தம் பெயரைத் தமிழியில் எழுதித் தரச் சொல்லி, தாளை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார்.

திரும்பும் வழியிலேயே மாணவர்கள் கேட்டார்கள்: நம் ஊரைத் தோண்டினால் என்ன கிடைக்கும்? நம் மாவட்டத்தில் வைப்பாற்றங்கரை வெம்பக்கோட்டையில் 2022 முதல் அகழாய்வு நடந்து, சங்கு வளையல்களும் மணிகளும் கிடைத்திருக்கின்றன. நம் கரிசலிலும் உழும்போது, கிணறு வெட்டும்போது தாழிகள் தட்டுப்படுவது புதிதன்று. பேய்ப்பானை என்று உடைத்துப்போடுகிறோம், அல்லது புதையல் என்று இரவோடு இரவாகத் தோண்டுகிறோம். இரண்டும் வேண்டா. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி மண்ணுள் கிடைத்த மதிப்புள்ள பொருளை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தல் கடமை. கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி, சொன்ன நாளையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எழுத்துள்ள ஓடு கிடைத்தால் கழுவித் தேய்க்காதீர்கள்.

பட்டம் பெற்ற பிள்ளைகளுக்கு இன்னொரு செய்தி. தமிழ்நாடு தொல்லியல் துறை கல்வெட்டியலிலும் தொல்லியலிலும் பட்டயப் படிப்பு நடத்துகிறது. மண் அள்ளும் வேலையில் நம்மவர் இருக்கிறார்கள். அறிக்கை எழுதும் வேலையிலும் இருக்க வேண்டும். உறைகிணற்றருகே கேட்கப்பட்ட கேள்வியை ஆய்வுக் கேள்வியாக எடுத்துச் செல்ல அவர்களால்தான் இயலும். விண்ணப்பம் எழுதவும் சான்றிதழ்கள் பெறவும் ஞாயிறுதோறும் காலையில் சங்க அலுவலகத்தில் உதவி கிடைக்கும்.

அடுத்த பயணம் வெம்பக்கோட்டைக்கு. பொங்கல் விடுமுறைக்குள் பெயர் கொடுத்துவிட வேண்டும். பெயரை ஒவ்வொருவரும் தம் கையாலேயே எழுதுமாறு பதிவேடு வாயிலில் வைக்கப்பட்டுள்ளது.