நூலிழை கூறும் வரலாறு
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த இந்த மாட்டுங்காவில், நம்மில் பலர் அடிக்கடி கடந்து செல்லும் ஓர் ஆய்வுக்கூடத்தைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன். 1924-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற அதற்கு, மத்தியப் பருத்தித் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் என்பது இன்றைய பெயர். பஞ்சின் தரத்தை ஆராய்வதே அதன் அன்றாடப் பணி. எனினும், பண்டை வரலாற்றில் ஓர் ஐயத்தைத் தீர்த்த பெருமையும் அதற்கு உண்டு.

1920-களில் சிந்துவெளியில் மொகஞ்சதாரோவை அகழ்ந்தபோது, வெள்ளிக் கலம் ஒன்றில் சிறு துணித்துண்டு ஒட்டியிருக்கக் கண்டனர். அது நாலாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமை உடையது. மண்ணில் புதைந்த துணி மக்கிப் போவதே இயல்பு. இஃது எஞ்சியது எங்ஙனம்? உலோகம் களிம்பேறும்போது உண்டாகும் உப்புக்கள் இழைகளில் ஊறி, துணியை அரிக்கும் நுண்ணுயிர்களைத் தடுத்துவிட்டன. கலத்துக்கு நேர்ந்த கேடே துணிக்குக் காப்பாயிற்று!

ஆயினும் அது கம்பளியா, ஆளிநாரா, பருத்தியா என்பதை வெறுங்கண்ணால் அறிய இயலவில்லை. மாட்டுங்கா ஆய்வுக்கூடத்தில் குலாத்தி, டர்னர் என்னும் இருவர் அவ்விழைகளை உருப்பெருக்கியின்கீழ் வைத்து ஆராய்ந்தனர். ஆட்டு மயிரில் மீன் செதில் போன்ற அடுக்குகள் தோன்றும். ஆளிநார் மூங்கிலைப் போல் கணுக்களுடன் நேராக இருக்கும். பருத்தி இழையோ, காய் வெடித்து உலர்ந்ததும் தட்டையாகி, நாடாவைப் போல் முறுக்கிக் கொள்ளும். அந்த முறுக்கே பழந்துணியின் இழையிலும் காணப்பட்டது. அது பருத்தியே என்னும் முடிவு 1928-இல் வெளியாயிற்று.

ஆராய்ச்சி அத்துடன் நின்றுவிடவில்லை. பலூச்சிஸ்தானத்து மேர்கரில், மொகஞ்சதாரோவுக்கும் ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேல் முற்பட்ட புதைகுழி ஒன்றில் செப்பு மணிகள் கிடைத்தன. மணியொன்றின் துளைக்குள் எஞ்சியிருந்த நூல் பருத்தி நூல் என்பதை, எலக்ட்ரான் உருப்பெருக்கியின் துணையுடன் கண்டறிந்து 2002-இல் வெளியிட்டனர்.

அன்பர்களே! மொகஞ்சதாரோக் கலத்தின் பளபளப்பை விரும்பி யாரேனும் அதைத் துலக்கியிருந்தால் என்னவாகியிருக்கும்? வெள்ளி மின்னியிருக்கும், அத்துணி கூறும் வரலாறோ அழுக்கோடு அழுக்காகக் கழுவப்பட்டிருக்கும். ஆகவே, நிலத்தில் பழம்பொருள் எதனையேனும் காண்போர் அதனைத் துடையாது, துலக்காது, தொல்லியல் துறையினர்க்கு அறிவித்தல் கடமையாகும்.

இத்தகைய மேடைகளில் பழம்பெருமை பேசுவது நம் வழக்கம், அதில் தவறில்லை. ஆனால் பெருமைக்குச் சான்று வேண்டும். வரலாற்றில் ஆர்வமுள்ள நம் பிள்ளைகள் இலக்கியமும் கல்வெட்டும் பயில்வதோடு, தாவரவியலும் வேதியியலும் கற்று ஆய்வுக்கூடங்களுக்குள் செல்வார்களாக. ஒரு நூலிழையின் முறுக்கையும் பொறுமையோடு நோக்கும் கண்கள் நமக்குத் தேவை.